ஜிலேபி பெருகினால் விராலுக்குத் தீனி!

‘பத்து சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டேன். ஒரு வருடம் கழித்து வலை போட்டால் உள்ளங்கை அகல ஜிலேபிதான் வருகிறது. குட்டையை மூடிவிடலாமா?’ என்று பொட்டிப்புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மூட வேண்டாம். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன். தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கின்றன. இரண்டு, மூன்று மாதத்தில் அவையும் முட்டை வைக்கும். இருக்கிற தீனிக்கு இத்தனை வாய் என்றால், எந்த மீன் பெருக்கும்? பெரிய ஜிலேபிகளை வலைபோட்டுக் குறையுங்கள். பிறகு விரால் குஞ்சு விடுங்கள். ஜிலேபிக் குஞ்சுகள்தான் அதற்குத் தீனி. கெண்டைக் குஞ்சுகளைச் சின்னதாக விட்டால் அவற்றையும் விழுங்கிவிடும். மழை இரவில் விரால் கரையேறிப் போகும். சுற்றிலும் வலை கட்டுங்கள்.

குஞ்சு பெருகத் தண்ணீர் பச்சையாக இருக்க வேண்டும். பத்து சென்டுக்கு முதலில் 80 முதல் 100 கிலோ சாணம், பிறகு 15 நாளுக்கு ஒருமுறை 10 முதல் 15 கிலோ, கரைத்து ஊற்றலாம். பாலித்தீன் விரித்த குட்டையில் சேறு இல்லாததால், அடியில் கொஞ்சம் மண் பரப்புவது நல்லது.

அளவு பார்க்க முழங்கை போதும். வெயிலில் கையை நீருக்குள் விடுங்கள். முழங்கை முங்குவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் சாணத்தை நிறுத்துங்கள். முங்கிய பிறகும் பளிச்சென்று தெரிந்தால் உரம் போதவில்லை. செம்மண் கலங்கல் இருந்தால் இந்தக் கணக்கு பொய்க்கும்.

விடியலில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்தால் ஆக்சிஜன் குறைவு. உடனே மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீரை மேலிருந்து விழ விடுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும், தாங்கிவிடும், கெண்டை தாங்காது.