பட்டைக்கு உள்ளே

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் லயத்து மூன்றாம் வீட்டுப் பெரியம்மாவுக்கு விடியற்காலையில்தான் தலைவலி வரும். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகும் வழியிலேயே வாந்தி எடுப்பார். வெயில் ஏற ஏற வலி இறங்கிவிடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர், வெள்ளை மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிரசவம், காய்ச்சல், வெட்டுக்காயம் எல்லாமே அவர் கையில்தான் இருந்தன. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது என்றால் அந்த வேலையின் கனம் புரியும். ஆனால் மண்டைக்குள் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை.

சில மாதங்களில் பெரியம்மாவுக்குப் பால் வெட்டும் கோடு மங்கியது. பட்டையை மட்டும் சீவ வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது என்பது வெட்டுக்காரர்களின் முதல் பாடம். இருபது வருடம் பிசகாத கை, மரத்துக்கு மரம் காயம் வைத்தது. மண்டைக்குள் வளர்ந்த கட்டியின் அழுத்தம் கண் நரம்பைத் தின்றுகொண்டிருந்ததை நாங்கள் அறியவில்லை. அப்புறம் வலிப்பு வந்தது. மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பார்வை முக்கால்வாசி போயிருந்தது. அங்கிருந்து 200 கிலோமீட்டர் தள்ளிக் கோலாலம்பூருக்குப் போகச் சொன்னார்கள். "தலையைத் திறந்துதான் பார்க்கணும்" என்ற சொல் வந்ததும் பெரியப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அந்தப் பயத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்துச் சோதனைகளே பாதி அறுவைதான். 1918இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி, மண்டையில் துளையிட்டு மூளையின் நீரறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அடுத்த ஆண்டு அதே காற்றை முதுகுத்தண்டு வழியாக ஏற்றினார். படத்தில் கட்டி தெரியாது. நீரறை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், அங்கே ஏதோ தள்ளுகிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். 1927இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் கழுத்து ரத்தக்குழாயில் மருந்தேற்றிப் படமெடுத்தார். அதிலும் குழாய் விலகியிருப்பதை வைத்துத்தான் ஊகம். 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன்தான் கட்டியையே கண்ணுக்குக் காட்டியது.

இன்று அந்த லயங்கள் இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. சனம் ஈப்போவைச் சுற்றிய தாமான் குடியிருப்புகளில் சிதறிவிட்டது. போன வருடம் அதே பெரியம்மாவின் பேத்தியோடு ஒரு ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.ஐ. அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கொண்டை ஊசி, தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தங்கத் தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டி வந்திருந்தாள். உள்ளிருந்து தட்டும் சத்தம் முக்கால் மணி நேரம் கேட்டது.

கத்தியும் இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. அந்தக் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா வலிமை கொண்டது. பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் உடம்பின் நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் ஒரு திசைக்கு ஒழுங்குபடுகின்றன. ரேடியோ அலையால் அவற்றைச் சற்றே கலைத்துவிட்டு, அவை நிலைக்குத் திரும்பும்போது எழும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். இதற்கு 1973இல் வழிகாட்டிய பால் லாட்டர்பரும், பிறகு அதை வேகப்படுத்திய பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

படத்தைவிட என்னை வியக்க வைப்பது, அதே இயந்திரம் திசுவின் வேதியியலையும் சொல்வதுதான். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்கிறார்கள். நல்ல நரம்பணுக்களில் நிறைந்திருக்கும் என்.ஏ.ஏ. என்ற பொருள் கட்டியில் குறையும். உயிரணுக்கள் வேகமாகப் பெருகும் இடத்தில் கோலின் உயரும். ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை வேறு இருக்கிறது: வீரியமான கட்டி தனக்கென ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும், அங்கே ஓட்டம் கூடும். நம் நாட்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் நோர்லிசா ரம்லி, கார்த்தினி ரஹ்மாத் குழுவினர், கிளையோமா என்ற மூளைக்கட்டியிலுள்ள கொழுப்பின் சமிக்ஞையை எம்.ஆர்.ஐ.யில் அளந்து அதன் வீரியத்தைத் தரம் பிரிக்க முடியுமா என்று ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். விரலை மடக்கச் சொல்லி, கையை இயக்கும் மூளைப்பகுதியை முன்கூட்டியே குறித்துக்கொள்ளவும் முடிகிறது. பால் வெட்டிய கைக்கு அது என்ன மதிப்பு என்று தோட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

ஆனாலும் கட்டியின் வகையை உறுதிசெய்யத் திசு வேண்டும். பேத்திக்கும் கட்டி வந்து, அதற்கு முன்பே அறுவை நடந்திருந்தது, பிறகு கதிர்வீச்சு. சில மாதம் கழித்து எடுத்த படத்தில், அறுத்த இடத்தோரம் மறுபடி வெளுப்பு. கட்டி திரும்பியதா, கதிர் சுட்ட புண்ணா? சாதாரணப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்பென்றால் திறந்துதான் பார்த்திருப்பார்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, கோலினும் உயரவில்லை, புண்ணாகவே தெரிகிறது என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் இன்னொரு படம் பார்க்க வேண்டும் என்றார்.

"திறக்க வேணாமா டாக்டர்?"

"இப்போ வேணாம்மா."

பேத்தி பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்து, குனிந்து மெட்டியைப் போட்டுக்கொண்டாள்.