சுளுக்குதானே என்று விட்ட கால்

பைபர் படகு கரை தட்டுவதற்கு முன்பே இரண்டு பேர் குதித்துவிடுவார்கள். பழவேற்காட்டின் கடலோரக் குப்பங்களில் அன்றாடம் விடியலில் நடப்பதுதான். என்ஜினைத் தூக்கி நிறுத்தியதும், அலை பின்வாங்கும் அந்த ஓரிரு நொடிக்குள் இறங்கி, படகின் பக்கத்தைப் பிடித்து, அடுத்த அலை புரட்டிப் போடாமல் மணல் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். குதிக்கிற காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நேற்று சமதளமாக இருந்த இடத்தில் இன்று அலை ஒரு பள்ளத்தை அரித்து வைத்திருக்கும். பாதத்தின் வெளி விளிம்பு முதலில் தரையைத் தொடும். உடம்பின் பாரம் முழுதும் அதன்மேல் இறங்கும். கால் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும்.

“கால் பெரண்டுக்கிச்சுண்ணா.”

“சுளுக்குதான்டா, நீவி வுட்டா சரியாப்பூடும்.”

பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவுவார்கள், வீக்கம் வடியும், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தக் கால் மறுபடி படகில் ஏறும். அதே கால் மறுபடி மடங்கும்போது, “எனக்கு இந்தக் கால் எப்பவும் அப்படித்தான்” என்ற பேச்சு வருகிறது. பிறக்கும்போதே அப்படி இருக்கிற கால் அரிது. முதல் சுளுக்கைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதால்தான் பெரும்பாலான கால்கள் அப்படி ஆகின்றன.

கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கு அடியிலிருந்து பாதத்து எலும்புகளுக்கு மூன்று நார்க்கயிறுகள் ஓடுகின்றன. டாக்டர் லிகமென்ட் என்பார், ஊரில் ஜவ்வு என்பார்கள். மூன்றில் முன்பக்கம் இருப்பதுதான் வலு குறைந்தது. கால் உள்ளே மடங்கும்போது முதலில் இழுபடுவதும் கிழிவதும் அதுதான். இழுபட்டதோடு நின்றால் ஓரிரு வாரத்தில் தேறும். பாதி கிழிந்தால் பல வாரம் ஆகும். முழுக்க அறுந்தால் மாதக்கணக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே வீக்கமாகத்தான் தெரியும். வலி போன பிறகும் உள்ளே ஜவ்வு தன் பழைய முறுக்கைப் பெற மாதங்கள் பிடிக்கும். மூன்றாம் நாள் படகு தள்ளப் போகிறவரின் கணுக்காலுக்குள் அந்த வேலை தொடங்கியேகூட இருக்காது.

தெரிந்தாலும் ஓய்வு எடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பழவேற்காடு ஏரிக்குள் இறால் வலை கட்டுகிற மீனவர்களிடம் தலைமுறைகளாக ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. எந்த ஊர், எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இங்குள்ள பாடு முறையைப் பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல் தனி ஆய்வே வெளியிட்டது. ஏரியின் மீன்வளம் ஒருவர் கைக்கே போய்விடாமல் எல்லாத் தலைக்கட்டுக்கும் பங்கு கிடைக்கச் செய்யும் அருமையான முறை. ஆனால் முறை வருகிற நாளில் கால் வீங்கியிருக்கிறது என்பதற்காக ஏரி காத்திருக்காது. மீன் படுகிற நாட்களே குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், வந்த முறையை விட மனம் வராது. ‘இரண்டு வாரம் காலுக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பும் ஆலோசனை இங்கே எடுபடாமல் போவதில் வியப்பில்லை.

ஜவ்வு கிழிவது இந்தக் கதையின் பாதிதான். மறுபாதியை 1965-ல் லண்டனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் எடுத்துக் காட்டினார். சுளுக்கு வந்து போனவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தபோது, காயம்பட்ட காலில் தள்ளாட்டம் கூடுதலாக இருந்தது. ஜவ்வு எலும்பைக் கட்டி வைக்கும் கயிறு மட்டுமல்ல, அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியை அவைதான் நொடிக்கு நொடி மேலே அனுப்புகின்றன, ஜவ்வு கிழியும்போது அந்தச் செய்திக் கம்பியும் சேர்ந்து அறுபடுகிறது என்று அவர் விளக்கினார். பின்வந்த ஆய்வுகள் அந்த விளக்கத்தை விரிவாக்கின, சில இடங்களில் திருத்தின. ஆனால் அடிப்படை நின்றுவிட்டது. சுளுக்கிய கால் பலத்தோடு சேர்த்துத் தன் உணர்வையும் இழக்கிறது.

அந்த உணர்வு என்னவென்று பழவேற்காட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. கீழே ஒரு அடி மணல், அடுத்த அடி சேறு, அதற்கடுத்து கிளிஞ்சல். கலங்கல் தண்ணீரில் எதுவும் தெரியாது. பறி என்ற கூடையின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கை இறாலைத் தேடும்போது உடம்பை நிலைநிறுத்தி நகர்த்துவது கால்தான். சேற்றில் எவ்வளவு அழுத்தலாம், எங்கே அழுத்தக்கூடாது என்பதைக் கண்ணைக் கேட்காமலே பாதம் முடிவெடுக்கிறது. இருட்டில் வலை கட்டப் போகிற ஆண்களுக்கும் அதே பாதம்தான் கண். நகரத்தில் சமதளத் தரையில் நடக்கிறவர் இந்த உணர்வில் கொஞ்சம் இழந்தால் சமாளித்துவிடலாம். ஏரியில் இறங்குகிறவரால் முடியாது.

கால் மடங்குவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது. ‘மடங்குகிறது’ என்று மூளைக்குத் தெரிந்து, வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதற்குள் ஜவ்வு கிழிந்துவிடும். ஆகவே தரையைத் தொடுவதற்கு முன்பே தசை தயாராக இருக்க வேண்டும், பாதம் சரியான கோணத்தில் இறங்க வேண்டும். அது பழக்கத்தால் வருவது. ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கியிருக்கிறதா என்பதுதான் அடுத்த சுளுக்கு வருமா என்பதைச் சொல்லும் பெரிய அடையாளம். முதல் சுளுக்குக்குப் பிறகு, ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், நூற்றுக்கு நாற்பது பேர் வரை நாள்பட்ட தள்ளாட்டத்தோடு வாழ்கிறார்கள். முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருகிறது. கணுக்கால் தேய்மானம் பெரும்பாலும் பழைய காயத்திலிருந்து வருகிறது. இருபத்தைந்து வயதில் ‘சுளுக்குதானே’ என்று விட்டது ஐம்பதில் மாடிப்படியில் தெரியும்.

2023 அக்டோபர் 19. புனேயில் வங்கதேசத்துக்கு எதிரான உலகக் கோப்பை கிரிக்கெட் ஆட்டம். தான் வீசிய பந்தை ஆட்டக்காரர் நேராக அடிக்க, இந்திய வீரர் ஹர்திக் பாண்டியா அதைக் காலால் தடுக்கப் பார்த்தார். இடது கணுக்கால் மடங்கியது. அந்த ஓவரையே அவரால் முடிக்க முடியவில்லை. அந்த உலகக் கோப்பையில் அதன்பின் அவர் ஆடவில்லை, அடுத்த சில மாதங்களும் களத்துக்கு வெளியேதான் இருந்தார். ஸ்கேன், மருத்துவக் குழு, பயிற்சியாளர்கள் எல்லாம் பக்கத்தில் இருக்கிற ஒருவருக்கே இவ்வளவு காலம் பிடித்தது. குப்பத்து இளைஞருக்கு மூன்று நாள் போதும் என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்?

வைத்தியம் என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்கிற பெயர் ஒன்று உண்டு: புத்தூர் கட்டு. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய குடும்ப வைத்தியம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. பெயர் பரவி, இன்று சென்னையின் மூலைக்கு மூலை ‘புத்தூர் கட்டு’ பலகை தொங்குகிறது. அந்தப் பலகைகள் எல்லாமே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. எலும்பு முறிவுக்கோ சுளுக்குக்கோ யாரிடம் கட்டுப் போட்டாலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கட்டுக்குக் கீழே விரல்கள் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, நள்ளிரவானாலும் கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க நேர்ந்தவர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலரைக் காயம் அல்ல, கட்டின் இறுக்கம்தான் அந்த நிலைக்குத் தள்ளியது.

முதல் இரண்டு நாள் சூட்டெண்ணெயும் அழுத்தி நீவுவதும் வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அவை வீக்கத்தை ஏற்றிவிடும். குளிர்ச்சிக்கு மீனவக் குப்பத்தில் பஞ்சமில்லை. மீன் பெட்டிக்கு வாங்கிய ஐஸில் ஒரு கை எடுத்துத் துண்டில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். தோலின்மேல் நேராக வைக்கக்கூடாது. கிளிஞ்சல் கிழித்த புண் இருந்தால் மீன் ஐஸ் அதன் பக்கமே போகக்கூடாது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் ஒரு சூத்திரமாக எழுதிப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து, முழு ஓய்வும் ஓயாத ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே தன் சொல்லைத் திருத்திக்கொண்டார். ஐஸ் வலிக்குத்தான். ஜவ்வை ஆற்றுவது அளவான அசைவு. வலி பொறுக்கிற அளவுக்கு மெல்ல ஊன்றி நடப்பதும், உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் சீக்கிரமே தொடங்கிவிட வேண்டும்.

எது வெறும் சுளுக்கு, எது எலும்பு முறிவு? இதற்கு எக்ஸ்ரே இல்லாமலே பார்க்கக்கூடிய ஒரு சோதனையைக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-ல் வகுத்தார்கள். அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரு பக்கத்து எலும்புகளில், நுனியிலோ அல்லது நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேல்வரை பின் விளிம்பிலோ, விரலால் அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே முண்டாகத் தட்டுப்படுகிற எலும்பில் வலித்தாலும், உள் ஓரத்தில் வளைவுக்கு மேலே இருக்கிற எலும்பில் வலித்தாலும் அப்படியே. வெளி ஓரத்து முண்டு எலும்பு உடைந்ததைச் சுளுக்கு என்று நினைத்து நடந்து திரிந்தவர்கள் ஏராளம். நாலு எட்டு நடக்க முடிகிறது, இந்த இடங்களில் எலும்பு வலியும் இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சின்னக் குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் இந்தச் சோதனையை நம்பக்கூடாது. அவர்களை மருத்துவரிடமே காட்ட வேண்டும். பொன்னேரி அரசு மருத்துவமனை வரை போகிற பஸ் செலவுக்கு யோசிக்கிறவர்களுக்கு, எப்போது கட்டாயம் போக வேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய உதவி.

போன உணர்வைத் திரும்பக் கொண்டுவர முடியும். நெதர்லாந்தில் சுளுக்கு வந்து தேறிய 522 விளையாட்டு வீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு, கண்காணிக்க ஆள் இல்லாமல் வீட்டிலேயே எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி. ஓராண்டில் முதல் குழுவில் 33 சதவீதம் பேருக்கு மறுபடி சுளுக்கியது, பயிற்சி செய்த குழுவில் 22 சதவீதம் பேருக்கு. மருந்தில்லை, இயந்திரமில்லை, ஒற்றைக் காலில் நிற்பதும் அதன் வகைகளும்தான்.

குப்பத்தில் அதற்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் 30 நொடி நிற்கலாம், பக்கத்தில் பிடிக்க ஒரு சுவர் இருக்கட்டும். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். அடுத்து, மடித்துப் போட்ட பழைய வலையின் மேல் ஏறி நிற்கலாம். பழைய சைக்கிள் டியூபைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கமாக இழுத்து விட்டால், மடங்கும் காலைப் பிடித்து நிறுத்துகிற தசை வலுப்படும். குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கடைசியில்தான் சின்னத் தாவல், முதலில் தரையில், பிறகு மணலில். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். இதில் எதுவும் பாடு முறைக்குக் குறுக்கே வராது.

செருப்பில்லாமல் நடப்பதால்தான் இதெல்லாம் என்று சிலர் சொல்வதுண்டு. இந்திய மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாதத்தைப் பார்த்து 1992-ல் எழுதியது வேறு. செருப்பு அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். தட்டைப் பாதமும் சுளுக்கும் ஒன்றல்ல. ஆனாலும் வெறுங்கால் பலவீனமான கால் என்ற எண்ணத்துக்கு இதில் ஆதாரமில்லை. ஈரமான படகுத் தளத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் பிடிப்பாக நிற்கும். கிளிஞ்சல் குவிந்த இடத்தில் அடி கெட்டியான, பின்னால் வார் வைத்த செருப்பு வேண்டும். இரண்டையும் இடம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிற பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைச்சுமையோடு நடக்கும்போது குனிந்து தரையைப் பார்க்க முடியாது, கால் வழுக்கினால் சட்டென்று சாய்ந்து சமாளிக்கவும் முடியாது. அவர்களுடைய சுளுக்கு வீட்டு வேலைக்கு நடுவே நின்றுகொண்டே ஆற வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிற ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலும் முதியோரையும் படுக்கையில் இருப்போரையும் எண்ணி வகுத்தது. அதே இயன்முறை மருத்துவர் மாதம் ஒருநாள் மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு வந்து, ஏலம் முடிந்த அரை மணி நேரத்தில், வருகிற ஒவ்வொருவரையும் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தாலே போதும். ஒரு கால் அசையாமல் நிற்கும். பழைய சுளுக்குள்ள கால் சில நொடியிலேயே ஆடத் தொடங்கும், கை சுவரைத் தேடும். சைக்கிள் டியூபை யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.