வளைவை வரைந்தவர்கள், வளைவை இழுப்பவர்கள்

1973 டிசம்பரில், ஐஇஇஇ-யின் ஒலியியல் ஆய்விதழில் ஒரு கணினி நிரல் வெளியானது. எழுதியவர்கள் ஜேம்ஸ் மெக்லெல்லன், தாமஸ் பார்க்ஸ், லாரன்ஸ் ரபினர். மொழி ஃபோர்ட்ரான். எந்த அதிர்வெண் வரை ஒலியை விட வேண்டும், எங்கிருந்து தடுக்க வேண்டும், எந்த இடத்தில் பிழையைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் எண்களாக அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால், அதற்கேற்ற டிஜிட்டல் வடிகட்டியின் குணகங்களை நிரல் கணக்கிட்டுத் தரும். விடையும் எண்கள்தான், தாளில் வரிசையாக இறங்கும் தசமங்கள். விரும்பினால் அவற்றைத் திரும்பவும் அட்டையில் துளையிட்டே வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் நிரலில் ஒரு வழி இருந்தது. வடிகட்டியின் வளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தனியாக வரைய வேண்டும். காதால் கேட்பது வேறு ஒரு பெரிய ஏற்பாடு.

இன்று பிரவுசரைத் திறந்தால் திரையில் ஒரு வளைவு, அதன்மேல் ஒரு புள்ளி. புள்ளியைப் பிடித்து இழுத்தால் வளைவு கூடவே வருகிறது; ஹெட்ஃபோனில் ஓடும் பாட்டும் அப்போதே மாறுகிறது. அன்று கணக்கு முடிந்த பிறகு கடைசியாக வந்த படம், இன்று முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கணினி வேகமாகிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். அந்த நிரலில் இருந்த மெக்லெல்லன், பார்க்ஸ் முறை திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விடையை நெருங்குவது. புள்ளியை இழுக்கும் கைக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்களுக்கோ வேறு பழக்கம் இருந்தது. ஜார்ஜ் மாசன்பர்க் 1972-இல் விவரித்த பாராமெட்ரிக் ஈக்வலைசரில் அதிர்வெண், அகலம், ஏற்ற இறக்கம் என்று மூன்றையும் திருகித் திருகிக் காதால் சரிபார்ப்பார்கள். அந்த மூன்றிலிருந்து நேரடியாக ஐந்து குணகங்களைப் பெறும் சூத்திரங்களை ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் தொகுத்துக் கொடுத்தார். சைன், கொசைன், சில கூட்டல் பெருக்கல், அவ்வளவுதான். 1992-இல் வந்த வேவ்ஸ் க்யூ10 என்ற மென்பொருள் ஈக்வலைசர் வளைவையே கையில் கொடுத்தது. 2021-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரமாகிய வெப் ஆடியோவில், இந்தச் சூத்திரங்களை ஒட்டிய எட்டு வகை வடிகட்டிகள் பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன. வளைவைக் கணக்கிடும் கட்டளையும் கூடவே வருகிறது. கணிதம் அதிகம் படிக்காத இசைக்காரரும் தனக்கென ஒரு கருவி செய்துகொள்ளலாம். இதை நான் பெரிய லாபமாகவே நினைக்கிறேன்.

ஆனால் படம் பொய் சொல்லும். வடிகட்டியின் குணத்தைத் தீர்மானிக்கும் துருவங்களை ஓர் அலகு வட்டத்துக்குள் புள்ளிகளாகக் காட்டி, அவற்றையே இழுக்க விடும் கருவிகள் உண்டு. துருவம் விளிம்பை நெருங்க நெருங்க, வளைவில் அந்த அதிர்வெண்ணில் முகடு கூர்மையாகும். ஒலியில் அந்தச் சுருதி மணிபோல நீண்டு ஒலிக்கும். விளிம்பைத் தாண்டினால் வடிகட்டி நிலைகுலைந்து, வெளியீடு கட்டுக்கடங்காமல் பெருகி, ஸ்பீக்கர் அலறும். வளைவு மட்டும் சாதுவாக நிற்கும். மையத்திலிருந்து 0.9 தொலைவில் உள்ள துருவத்தை அதே திசையில் 1/0.9 தொலைவுக்கு, அதாவது வெளியே, கொண்டுபோய் வைத்தாலும் வளைவின் வடிவம் மாறாது. மொத்தமாகச் சற்று மேலோ கீழோ நகரும். வளைவைக் கணக்கிடும் சூத்திரம் விளிம்பில் நின்று துருவத்தின் தொலைவை அளக்கிறதே தவிர, அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்பதில்லை. வட்டத்தைக் காட்டாமல் வளைவை மட்டும் காட்டிக் குணகங்களை மாற்ற விடும் கருவி, பயன்படுத்துபவரின் காதைப் பணயம் வைக்கிறது. புள்ளி விளிம்பைத் தாண்டாமல் தடுத்துவிடுவதுதான் நல்ல கருவிக்கு அழகு.

இன்னொரு பொய் நுட்பமானது. அந்த ஃபோர்ட்ரான் நிரல், அதிர்வெண் அச்சை எவ்வளவு நெருக்கமாகக் கூறுபோட வேண்டும் என்று கேட்கும். சொல்லாவிட்டால் 16 என்று தானே வைத்துக்கொள்ளும். இன்று அந்தக் கேள்வி பயன்படுத்துபவர் வரைக்கும் வருவதேயில்லை. பிக்சலுக்கு ஒரு கணக்கு என்று கருவியைச் செய்பவரே முடித்துவிடுகிறார். மின்கம்பியிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை நீக்க, 2 ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 0 முதல் 22,050 ஹெர்ட்ஸ் வரை சம இடைவெளியில் 600 பிக்சலில் வரைந்தால், ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 37 ஹெர்ட்ஸ். பள்ளம் இரண்டுக்கும் நடுவில் விழுந்து மறைந்துவிடும். ரீங்காரம் போனது காதுக்குத் தெரியும், கண்ணுக்கு நேர்க்கோடுதான். மடக்கை அளவில் வரைவதும், பள்ளத்தின் அருகில் கூடுதல் புள்ளிகளைச் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

இழுக்கும் வசதியோடு வந்த புதுத் தொல்லையும் ஒன்று உண்டு. வடிகட்டி தன்னுள் முந்தைய மாதிரிகளை நினைவில் வைத்திருக்கும். ஒலி ஓடும்போதே குணகங்கள் சட்டென மாறினால், பழைய நினைவும் புதிய குணகங்களும் பொருந்தாமல் கரகரவென்று சத்தம் வரும். அதனால் கை எவ்வளவு வேகமாக இழுத்தாலும், உள்ளே மதிப்புகளைச் சில மில்லிநொடிகள் பரவலாக்கி மெதுவாகவே நகர்த்துகிறார்கள். திரையில் புள்ளி போய்ச் சேர்ந்த பிறகு, ஒலி கொஞ்சம் பின்னால் வருகிறது.