யார் ஊற்றித் தருவது?

டோக்கியோவின் நிஷிகசாயில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு ஜூலை மாலை, புழுக்கம் தாங்கவில்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் பீர் குடிக்க அழைத்தார். போய் உட்கார்ந்ததும் என் கண்ணில் பட்டவை கண்ணாடித் தம்ளர்கள். கழுவிக் கவிழ்த்து, தானாக உலரவிட்டிருந்தார். துடைத்தால் துணியின் நூல் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கு படியும், நுரை நிற்காது என்றார்.

பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தார், லேபிள் மேலே தெரியும்படி. முதலில் உயரத்திலிருந்து தடதடவென்று ஊற்றினார். தம்ளர் முழுக்க நுரை. அது பாதியாக அடங்கும்வரை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது முறை மெல்ல ஊற்றினார். மறுபடி காத்திருப்பு. மூன்றாவது முறை நூல் போல ஊற்ற ஊற்ற, நுரை விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது; வழியவில்லை. ஏழு பங்கு பீர், மூன்று பங்கு நுரை என்பது கணக்கு. கசப்பில் ஒரு பகுதி நுரையோடு போய்விட, அடியில் இருப்பது மால்ட்டின் லேசான இனிப்போடு தொண்டையில் இறங்குகிறது. தொட்டுக்கொள்ள எடமாமே, உப்புப் போட்டு அவித்த பச்சை சோயாக் காய்.

தம்ளர் காலியானதும் பாட்டிலை எடுக்கப் போனேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். அவருக்கு நான் ஊற்ற வேண்டும், எனக்கு அவர் ஊற்றுவார். இதற்குப் பெயர் ஓஷாகு. தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது தெஜாகு. ஓஷாகு பழக்கத்தில் ருசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: எதிரில் இருப்பவரின் தம்ளர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜப்பானின் பெரிய பாட்டில் 633 மில்லி. போர்க்காலத்தில், 1944-இல், ஆலைக்கு ஆலை வேறுபட்ட பாட்டில்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபோது, இருந்தவற்றில் சிறியதன் கொள்ளளவையே பொது அளவாக்கினார்கள். சிறிய தம்ளரில் மூன்று முறைக்கு மேல் வரும். ஒருவருக்கு அது அதிகம், இருவருக்குச் சரி. சாராயக்கடைக்காரர் 20 பாட்டில் கொண்ட பெட்டியைச் சமையலறை வாசலில் இறக்கிவிட்டு, காலிப் பாட்டில்களை எடுத்துப்போன காலத்தைப் பெரியவர் விவரித்தபோது அவர் முகமே மாறிவிட்டது.

1958-இல் கேன் பீர் வந்தது. பிறகு மால்ட்டைக் குறைத்து வரியை மிச்சப்படுத்தும் மலிவு வகைகள் வந்தன. 2026 அக்டோபரில் எல்லாவற்றுக்கும் 350 மில்லிக்கு 54.25 யென் என ஒரே வரி என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் என் கவலை மால்ட்டைப் பற்றியதல்ல, அந்த 350-ஐப் பற்றியது. அது ஒரே ஒருவருக்கான அளவு.

2021-இல் இன்னொரு கேன் வந்தது. மூடி முழுவதும் கழன்றுவிடும். உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள். திறந்த மாத்திரத்தில் நுரை தானாகப் பொங்கி மேலே வருகிறது. வாங்கிக் குடித்துப் பார்த்தேன். அருமையான நுரை, குறை சொல்ல முடியாது. ஆனால் தம்ளர் வேண்டாம், காத்திருக்க வேண்டாம், ஊற்றித் தர எதிரில் ஓர் ஆளும் வேண்டாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜப்பானில் நூற்றுக்கு 38 குடும்பங்கள் ஒற்றை ஆள் குடும்பங்கள். அந்த வீடுகளின் மாலை நேரத்தை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. மேலதிகாரிக்கு ஊற்றிக்கொடுத்தே ஓய்ந்தோம், கேன்தான் விடுதலை என்று சொல்லும் இளைஞர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் அலுவலக விருந்தின் கட்டாயம் வேறு, வீட்டு மேசை வேறு.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு சொல்லிக்கொள்ளப் போனேன். பெரியவர் தனியாகத்தான் இருந்தார். மேசையில் அப்போதுதான் திறந்த ஒரு கேன். தம்ளர் இல்லை. என்னைக் கண்டதும் எழுந்துபோய், கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களில் இரண்டை எடுத்துவந்தார். கேனை இரண்டு கையாலும் பிடித்து, என் தம்ளரில் பாதி ஊற்றினார். மீதியை அவருக்கு நான் ஊற்றினேன்.