வேட்டை போனது, துப்பாக்கி இருக்கிறது

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் காவல் நிலையங்களுக்குத் துணியிலும் சாக்கிலும் சுற்றிய நீளமான பொட்டலங்கள் வந்து சேரும். உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிச் செல்வார்கள். பெரும்பாலும் தாத்தா காலத்து ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள், எங்கோ ஒன்றிரண்டு .315 ரைஃபிள். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது சிலர் குழலில் செம்பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அந்தத் துரு காவல் நிலையத்தில்தான் பிடித்தது என்று சொல்லிவிட முடியாது. பல நேரம் அது வீட்டிலேயே தொடங்கியிருக்கும்.

அறுத்த வயல்களில் உள்ளான் சுட்ட காலம் மலையேறிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. 1991 திருத்தம் உரிமம் பெற்ற வேட்டைக்கும் கதவைச் சாத்தியது. ஆகவே டெல்டாத் துப்பாக்கிக்கு இன்று இருக்கும் ஒரே வேலை, சும்மா இருப்பது. சுடத் தெரிவதைவிட அதை வைத்திருக்கத் தெரிவதுதான் இப்போது முக்கியம்.

வைத்திருப்பதில் முதல் எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் காலை நேரங்களில் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். சுத்தமான இரும்பே ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். உப்புப் படிந்திருந்தால் அதற்கும் முன்பே. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக மல்லுக்கட்டும் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்: நெல்லைப் போலவே துப்பாக்கியின் மரக்கட்டையும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் 50 சதவீத ஈரம் இருந்தால் மரத்தில் 9 சதவீதம் நிற்கும். காற்று 80 சதவீதத்தைத் தொட்டால் மரம் 15 சதவீதத்துக்கு மேல் போகும். மரம் உப்பும், திருகு இறுகும். கோடையில் மரம் சுருங்கும், திருகு தளரும். புது நெல் கொட்டிய பத்தாயத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்தி வைப்பது அதனால்தான் ஆகாது.

தோலுறையும் அப்படித்தான். பார்வைக்கு அழகு. ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடப் பயன்பட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கும். உறை ஊருக்கு எடுத்துப் போக மட்டும். வீட்டில் துப்பாக்கி உறைக்கு வெளியே, பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும். உள்ளே ஒரு துணிப்பையில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம்.

குழலுக்குள் இருக்கும் உப்பு இன்னும் பொல்லாதது. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. எண்ணெய் அதைக் கரைக்காது. மேலே எண்ணெய் பூசினால் அடியில் அரிப்பு அது பாட்டுக்கு நடக்கும். முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியபோது அங்கிருந்த வெண்கலச் சிலைகளை அரித்துக்கொண்டிருந்ததும் இதே குளோரைடுதான். தஞ்சை அரண்மனையின் ஆயுதங்களில் ஒரு பகுதியும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எந்த எண்ணெய் என்பதிலும் கவனம் வேண்டும். கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும்; மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் பார்க்கிறோமே. அதுவே விசைப்பகுதிக்குள் உறைந்தால் சுத்தியல் தயங்கும். தையல் மெஷினுக்குப் போடும் வகை லேசான கனிம எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். அதிகமானால் கீழே வழிந்து கட்டைக்குள் ஊறி மரத்தை மென்மையாக்கிவிடும்.

இரண்டாவது எதிரி நம் கவனக்குறைவு. இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பிரித்து வைப்பது நல்லது: தோட்டா ஒரு பூட்டில், ரைஃபிளின் குழலைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் ஒரு பூட்டில், மற்றது வேறு பூட்டில். ஆனால் பிரித்ததைச் சரியான ஜோடியோடு சேர்க்க வேண்டுமே!

இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். இடது கை பிடிக்கும் முன்கட்டையை முதலில் கழற்ற வேண்டும். மேலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் குழல் மடங்கும். கொக்கியிலிருந்து தூக்கினால் தனியாக வந்துவிடும். இப்போது கையில் மூன்று துண்டுகள். குழலின் அடித்தட்டையில், அது உட்காரும் விசைப்பெட்டியின் மேல்தட்டையில், முன்கட்டையின் இரும்பில் என்று மூன்றிலும் ஒரே எண் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் பட்டறை உழைப்பு இருக்கிறது. பழைய கொல்லர்கள் ஒரு பாகத்தின் மேல் விளக்குப்புகைக் கரியைப் பூசி, மற்றதோடு பொருத்திப் பார்த்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார்கள். கரி சீராக ஒட்டும்வரை இது தொடரும். அப்படிச் சேர்ந்த ஜோடியில் வேறொரு துப்பாக்கியின் குழலைச் செருகினால், பார்க்கப் பொருந்தியதுபோல் இருக்கும், மூடியதுபோலும் இருக்கும், அவ்வளவுதான்.

ரைஃபிளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் தயாரான .315, லீ என்ஃபீல்டு குடும்பத்தைச் சேர்ந்தது. போல்ட்டின் தலையே தனியாகத் திருகிப் பொருத்தும் துண்டு. மூடிய போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவில் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான .303க்கு அது 1.63 மில்லிமீட்டரிலிருந்து 1.88 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ராணுவ அளவு. விளையாட்டுக்கு இடம் வெறும் கால் மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் வெடிக்கும் நொடியில் பித்தளை உறை பின்னுக்கு இழுபட்டுக் கிழியும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். ஆலையில் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்துச் சான்று கொடுத்தது அந்தக் குழலுக்கும் அந்தப் போல்ட்டுக்கும் சேர்த்துத்தான். போல்ட் மாறினால் சான்றும் போயிற்று. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆனால் ஜோடி மாற இரண்டே போதும்.

தோட்டாவும் ஜோடிதான். பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்; இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70. அது உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து. வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

காவிரி பிறக்கும் குடகில் ஒரு வழக்கம் உண்டு. கொடவர் வீடுகளில் நாற்று நடும் மாதங்களில் ஆயுதங்களைப் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போத் பண்டிகையில் எடுத்துத் துடைத்து, நம் மாநில மலரான செங்காந்தளைச் சூட்டி வணங்குவார்கள். அடைமழை ஓய்ந்ததும் இரும்பைப் பார்த்துவிடும் ஏற்பாடு அது. நமக்கு ஆயுத பூஜை மழைக்கு முன்னால் வருகிறது. அன்று ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை என்று துடைத்து வைத்தால் பெரும்பாலும் துரு எட்டிப் பார்க்காது.

தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது ரசீதில் குழலின் எண், விசைப்பெட்டியின் எண் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். உரிமத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்ப வாங்கியதும், உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ரைஃபிள் என்றால் போல்ட்டை எடுத்துவிட்டு, மற்றவை என்றால் மடக்கி, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம் ஊர்க் குளவிக்குத் துப்பாக்கிக் குழலும் ஒரு பொந்துதான். அது கட்டிய மண்கூடு உள்ளே இருக்க, தெரியாமல் சுட்டால் குழலே வெடிக்கும்.

உரிமதாரர் இறந்துவிட்டால் அவர் பெயரிலிருந்த துப்பாக்கியை வாரிசு பரணில் போட்டு வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத் தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். வேண்டாம் என்றால் விற்கவோ சரண் செய்யவோ வழி உண்டு. துடைக்க நேரமும் பூட்டி வைக்க இடமும் எண்ணைச் சரிபார்க்கப் பொறுமையும் இல்லாத வீட்டுக்கு அந்த இரண்டாவது வழிதான் நல்லது.