பள்ளியோடு பிணைக்கும் புறப்பாடம்

பள்ளிப் படிப்பைப் பாதியில் கைவிடும் மாணவர் ஒரே நாளில் அந்த முடிவுக்கு வருவதில்லை. முதலில் ஓரிரு பாடங்களில் பின்தங்குகிறார். பிறகு அடிக்கடி மட்டம் போடுகிறார். ‘நான் வராவிட்டாலும் யாரும் தேடப்போவதில்லை’ என்ற எண்ணம் அவர் மனத்தில் மெல்ல வேரூன்றுகிறது. இத்தகைய மாணவரைப் பள்ளியோடு பிணைத்து வைக்கும் ஆற்றல் புறப்பாட நடவடிக்கைகளுக்கு உண்டு.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் புறப்பாடம் மூன்று பிரிவுகளைக் கொண்டது. அவை சீருடை இயக்கங்கள், கழகங்கள், விளையாட்டு ஆகியனவாகும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு உரியது. எனவே, மாணவர் பலர் இதனைப் புள்ளி சேர்க்கும் வழியாக மட்டுமே கருதுகின்றனர். ஆனால், இதன் பயன் அதனினும் பெரிது.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான ஜோசப் மகோனியும் ராபர்ட் கேர்ன்சும் 392 மாணவர்களை 7ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவுகள் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தன. படிப்பிலும் நடத்தையிலும் பின்தங்கிய மாணவர்களுள், புறப்பாடத்தில் பங்கெடுத்தவர்கள் பள்ளியைவிட்டு நின்றது மிகக் குறைவாக இருந்தது. நன்றாகப் படிக்கும் மாணவர்களிடையே இந்த வேறுபாடு அவ்வளவாகக் காணப்படவில்லை. அதாவது, யாருக்குப் பள்ளி கசக்கிறதோ அவருக்கே புறப்பாடம் அதிகம் உதவுகிறது.

இதற்குக் காரணம் என்ன? காற்பந்துத் திடலில் கோல் காவலரிடம் கணிதப் புள்ளியை யாரும் கேட்பதில்லை. அவர் வராவிட்டால் குழுவே தவிக்கும். ‘நான் தேவைப்படுகிறேன்’ என்ற உணர்வு அவரை மறுநாளும் பள்ளிக்கு அழைத்து வருகிறது. வகுப்பில் குறும்பராகத் தெரிந்தவர் சாரணர் முகாமில் கூடாரம் அமைப்பதில் வல்லவராக இருக்கலாம். அதைக் காணும் ஆசிரியரின் பார்வையும் மாறுகிறது.

ஆயினும், தேர்வில் புள்ளி குறைந்ததும் சில பெற்றோர் முதலில் நிறுத்துவது புறப்பாடத்தைத்தான். கட்டொழுங்கை மீறிய மாணவரைக் குழுவிலிருந்து நீக்குவதும் உண்டு. பயிற்சி நேரத்தை வரையறுப்பது நன்று. ஆனால், அடியோடு தடுத்தால் அவரைப் பள்ளியோடு இணைக்கும் கடைசி இழையும் அறுந்துபோகலாம்.

வறுமை, குடும்பச் சிக்கல் போன்றவற்றைப் புறப்பாடத்தால் மட்டும் தீர்க்க இயலாது. அவற்றுக்கு வேறு உதவிகளும் வேண்டும். எனினும், சக மாணவர்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெருங்கிய நண்பர்களும் உடன் பங்கேற்கும்போதுதான் புறப்பாடம் நல்ல பலன் தருகிறது என்பதை மகோனி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆகவே, சில நாள்களாக வகுப்பில் காணாத நண்பரிடம், “இன்று பயிற்சிக்கு வா, நீ இல்லாமல் ஆள் குறைகிறது” என்று சொல்வது சிறிய செயலன்று. அந்த அழைப்பே அவரை மீண்டும் பள்ளி வாசலுக்குக் கொண்டுவரக்கூடும்.