கரண்ட் போனால் தெரியும் ஃப்ளாட்டின் அருமை!

ஃப்ளாட் வாங்கப் போகிறவர்கள் முதலில் என்ன பார்க்கிறார்கள்? எத்தனை பெட்ரூம், தரையில் மார்பிளா டைல்ஸா, கார் நிறுத்த இடம் உண்டா, வாசல் கிழக்கா வடக்கா... அவ்வளவுதான். ஆனால் பொழுது விடிந்து பொழுது சாயும்வரை அந்த வீட்டில் இருக்கப் போவது யார்? பெரும்பாலும் நாமும், வீட்டுப் பெரியவர்களும், குழந்தைகளும்தானே! அதனால் நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. "கரண்ட் போய்விட்டால் இந்த வீட்டில் இருக்க முடியுமா?"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பரில் வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃபேன், லிஃப்ட், மோட்டார் எல்லாம் நின்றுபோயின. மனிதர்களை நினைத்துக் கட்டிய கட்டடம் எது என்று தெரிவது அப்போதுதான். மின்சாரம் இல்லாமல் சமாளிக்கிற வீடு, மின்சாரம் இருக்கிற நாளில் பில்லையும் குறைக்கும்.

காற்று வந்தால் போதுமா?

காற்று வர ஒரு ஜன்னல் இருந்தால் போதாது, போகவும் வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில், குறைந்தது அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். நடுவில் ஒரு நடை, இரு பக்கமும் வீடுகள் என்று கட்டினால் பல வீடுகளுக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல். அந்த வீடுகளில் புழுக்கம்தான்!

சென்னையில் கடற்காற்று பிற்பகலில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். அந்தப் பக்கத்தைக் குளியலறையும் ஸ்டோர் ரூமும் அடைத்துக்கொண்டால் கூடத்துக்குக் காற்று எப்படி வரும்? சமையலறை ஜன்னல் வெளியைப் பார்த்து இருக்கட்டும். குறுகலான சந்தைப் பார்த்து இருந்தால் நாம் தாளிக்கிற நெடி வெளியே போகாது, மேல் வீட்டு நெடி உள்ளே வரும்!

மேற்கு வெயில்

பிற்பகல் வெயில் சாய்ந்து விழுவதால் மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட் மட்டும் போதாது. பகலெல்லாம் சூடு குடித்த சுவர் ராத்திரியில் அதை உள்ளே கக்கும். படுக்கையறை மேற்கே இருந்தால் தூக்கம் போச்சு. அந்தப் பக்கம் மாடிப்படியோ, குளியலறையோ, அலமாரிச் சுவரோ இருப்பது நல்லது. பால்கனியில் மூங்கில் தட்டி கட்டினால்கூடப் பலன் உண்டு.

மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983-ல் முடிந்த கஞ்சன்ஜங்கா அடுக்குமாடியில் இதற்கு அழகான வழி செய்திருக்கிறார். அந்த ஊரில் கடற்காற்றும் மேற்கிலிருந்துதான் வரும், வெயிலும் மழைச் சாரலும் மேற்கிலிருந்துதான் வரும். அதனால் மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்கு வராந்தா விட்டு, வீட்டை அதற்குள் தள்ளி வைத்தார். அது வசதியானவர்களின் கட்டடம். ஆனாலும் யுக்தி என்னவோ நம் பழைய வீட்டுத் தாழ்வாரத்தினுடையதுதான்!

கடைசி மாடிக்காரர்களுக்குத் தலைக்கு மேல் அனல். மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதித்தாலோ, வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலோ சூடு குறையும்.

தண்ணீர்க் கணக்கு

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பொறியாளர்கள் போடும் கணக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 675 லிட்டர். மேல்நிலைத் தொட்டி எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று இதை வைத்துக் கேளுங்கள். கிணறோ அடிபம்போ இருந்தால் மூடவே விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர்! அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இறங்கிப் பாருங்கள். சில இடங்களில் அது நேரே தெருவுக்குத்தான் போகும். மோட்டார், ஜெனரேட்டர், மீட்டர் பெட்டி எல்லாம் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

படியும் பாட்டியும்

லிஃப்ட் நின்றால் முட்டிவலிக்கார மாமியார் என்ன செய்வார்? படி ஆறு அங்குல உயரம், பதினொரு அங்குல அகலம் இருந்தால் கால் நோகாது. கைப்பிடி வேண்டும். திருப்பத்தில் ஜன்னல் இருந்தால் பகலில் விளக்கே வேண்டாம். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

பேச ஒரு திண்ணை

இருட்டில் நமக்குத் துணை யார்? பக்கத்து வீட்டுக்காரர்தான். நாலு பேர் உட்கார நுழைவாயிலில் ஒரு சிமெண்ட் திண்ணை, துணி உலர்த்தவும் வற்றல் காயப்போடவும் திறந்திருக்கும் மொட்டைமாடி, சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் குழந்தைகள் விளையாட்டு. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் இவை இல்லாத கட்டடத்தில் இருபது குடும்பம் இருந்தும் ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாது.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். மழைநீர்க் குழாய், வெள்ளை ஓடு, கைப்பிடி, திண்ணை எல்லாம் பிறகும் செய்யக்கூடியவையே. சங்கக் கூட்டத்துக்கு வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாமல் நாமும் போக வேண்டும். புது ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கூடத்தில் உட்காருங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அந்த வீடே உங்களுக்குச் சொல்லிவிடும்.